மாப்பிள்ளை கொடுத்த கேபிள்

அரியமங்கலம் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற வீரமலைக்கு ஸ்ரீரங்கத்தில் வேறொரு பேர் உண்டு. இருட்டு மாமன். வைத்தது யாரோ வழியில் போனவர் இல்லை. அவன் தங்கச்சி ஆனந்தவள்ளியின் புருஷன் தமிழ்மணி; அந்தத் தமிழ்மணியின் அப்பாவுக்கு மூத்தவர், லால்குடிப் பெரியப்பா. அவர் வாயிலிருந்து வந்த பேர்.

தமிழ்மணி ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது, மச்சான் முறைக்கு நான் லைட் போடுகிறேன் என்று வீரமலை வாசல் முழுக்கத் தன் கையால் செய்த விளக்குத் தோரணம் கட்டினான். பந்தியில் சாம்பார் வருகிற நேரம் பார்த்து, டப்பென்று ஒரு சத்தம். வீடு மொத்தமும் இருட்டு. யார் இலையில் யார் கை இருக்கிறது என்று தெரியாத அந்த நேரத்தில் பெரியப்பா குரல் மட்டும் கேட்டது. "மச்சான் சீரு கொண்டாந்திருக்காருப்பா, இருட்டு." அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஒவ்வொரு விசேஷத்துக்கும் திரும்பி வந்துகொண்டே இருந்தது. வள்ளிக்குப் பிள்ளை பிறந்ததும் வீரமலை மாமன் ஆனான். பேர் இன்னும் வசதியாக ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் அவன் கை சும்மா இருக்கவில்லை. அப்பா ஆண்டி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். அவர் வாங்கி வந்த முதல் ரேடியோவை அன்றைக்கே பிரித்துப் போட்டு அடி வாங்கிய பிள்ளை இவன். பத்தாவதோடு படிப்பு நின்றது, பிரிக்கிற புத்தி நிற்கவில்லை. முன்னெல்லாம் இந்த ஆசைக்குச் செலவு ஜாஸ்தி. விளக்கையும் மணியையும் சொன்னபடி ஆட்டிவைக்கிற சிப்பு தனி, அதில் புரோகிராம் ஏற்றுகிற பெட்டி தனி. இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கிற போர்டு கட்டைவிரல் அகலம்தான், யூஎஸ்பி அதிலேயே இருக்கிறது. குட்டிப் பட்டனை அமுக்கிக்கொண்டே செல்போன் கேபிளைச் செருகினால், லேப்டாப்பில் பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கும். புரோகிராமை இழுத்து அதில் போட்டால் முடிந்தது வேலை. விலையும் ஒரு வேளை குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடுகிற காசு ஆகாது.

யூடியூபைப் பார்த்துப் பார்த்து என்னென்னவோ செய்தான். மாடித் தொட்டி நிறைந்தால் நாதஸ்வரம் ஊதுகிற பெட்டி ஒன்று. முதல் நாள் அது ஊதியதும், பக்கத்து வீட்டு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, என்ன விசேஷம், சொல்லவே இல்லையே என்று கேட்டாள். தோசைக்கல் பதமாகச் சூடேறினால் பச்சை விளக்கு எரிகிற மாதிரி இன்னொன்று. அவன் பெண்டாட்டி மயிலம்மாள் அதைத் திட்டிக்கொண்டேதான் வைத்துக்கொண்டாள். இப்போது பச்சை எரியாமல் அவள் மாவு ஊற்றுவதில்லை. அதை வெளியே சொல்வதும் இல்லை.

இந்த நிலவரத்தில் வள்ளியின் கடைக்குட்டி மிதுனாவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். லால்குடி ஜனம் மொத்தமும் வரும்.

"சீர் தட்டோட ஒரு மயில் கொண்டுபோறேன் மயிலு," என்றான் வீரமலை. "கம்பியில வளைச்சு, தோகை பூரா லைட்டு. ஒவ்வொரு எறகா விரியும். பாப்பா அதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே காதைக் குத்திரலாம்."

"வீட்ல இருக்குற மயிலுக்கு ஒரு தோடு இல்ல. மண்டபத்து மயிலுக்குத் தோகை." பிறகு குரலைத் தாழ்த்தி, "போன தடவை மாதிரி ஆச்சுன்னா நான் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாதுங்க. உங்க தங்கச்சிதான் பாவம், அங்கேயே குடியிருக்கா."

அது அவனுக்கும் தெரியும். இந்தத் தடவை எரியாவிட்டால் அந்தப் பேர் அவனோடு போகாது, அவன் பிள்ளைகளுக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மயில் பட்டறையில் அழகாகவே வந்தது. சிங்காரத்தோப்புப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிற மீரான் பாயிடம் புது போர்டு வாங்கினான். பழைய கறுப்புக் கேபிளை எலி கடித்திருந்தது. நல்ல காரியத்துக்கு எதற்கு அது என்று பீரோவைத் திறந்து சிவப்புக் கேபிளை எடுத்தான்.

அந்தச் சிவப்புக் கேபிளுக்கு ஒரு மரியாதை உண்டு. தமிழ்மணி சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் செல்போன் சாமான் கடை வைத்திருப்பவர். கொடுத்துப் பழக்கமில்லாத கை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், போன பொங்கலுக்குத்தான் கடையிலிருந்து ஒரு கேபிளை உருவி, "வச்சுக்கங்க மச்சான்" என்றார். துணி பின்னிய கேபிள். வீரமலை அதைப் பட்டுவேட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

பட்டனை அமுக்கிச் செருகினான். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. கழற்றிச் செருகினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். ராகுகாலம் தாண்டட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்தும் பார்த்தான். விளக்கு எரிகிறது, பேச்சு மூச்சு இல்லை.

மறுநாள் போர்டைக் கொண்டுபோய் மீரான் பாய் முன்னால் வைத்தான். "பாய், செத்த போர்டைக் குடுத்துட்டீங்க."

பாய் தன் கம்ப்யூட்டரில் செருகினார். டிங் என்று வந்து நின்றது.

"உசுரோடதான இருக்கு. கேபிளை மாத்திப் பாருங்க."

"கேபிள்ல ஒண்ணுமில்ல பாய். லைட் எரியுதே. அதுவுமில்லாம அது எங்க மாப்பிள்ளை கொடுத்தது."

மீரான் பாய் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். "மாப்பிள்ளை கொடுத்ததா? அப்ப நான் வாயத் தெறக்கல. வேற போர்டு எடுத்துட்டுப் போங்க, ஆகலேன்னா திருப்பிக் குடுங்க."

வேறு போர்டும் அப்படியே. லேப்டாப்பைச் சந்தேகப்பட்டான், வீட்டுக் கரண்டைச் சந்தேகப்பட்டான், தன் தலையெழுத்தையும் ஒரு கை பார்த்தான். கேபிளை மட்டும் வேலை முடிந்ததும் துடைத்துச் சுருட்டி பீரோவில் வைத்தான். காதுகுத்துக்கு இரண்டே நாள் இருந்தது. மயில் ஒரு மூலையில் வெறும் கம்பியாக நின்றது.

அன்றைக்கு மயிலம்மாள் தன் போனிலிருந்து மிதுனா போட்டோக்களை லேப்டாப்பில் ஏற்ற உட்கார்ந்தாள், வள்ளி கேட்டிருந்தாள். கையில் அகப்பட்டது சிவப்புக் கேபிள். போன் சார்ஜ் ஏறியது. போட்டோ ஒன்றும் வரவில்லை. எலி கடித்த கறுப்புக் கேபிளை எடுத்துச் செருகினாள். மளமளவென்று வந்தன.

"என்னங்க, இங்க வாங்க. உங்க மாப்பிள்ளை கொடுத்தது சோறு மட்டும்தான் போடுது. சேதி சொல்ல மாட்டேங்குது."

வீரமலை சிவப்புக் கேபிளை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். கரண்டு போகிற கம்பி மட்டும் வைத்து, தகவல் போகிற கம்பி இல்லாமலே விற்கிற கேபிள் உண்டு என்று எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறான். அது எல்லாம் அடுத்தவன் கேபிள் என்றே நினைத்திருந்தான்.

"போர்டைச் சந்தேகப்பட்டீங்க, பாயைச் சந்தேகப்பட்டீங்க. நேத்து நான் துணி காயப்போட்டதைக்கூடச் சந்தேகப்பட்டீங்க."

"மாப்பிள்ளையை எப்படி மயிலு சந்தேகப்படுறது?"

கறுப்புக் கேபிளுக்கு டேப் சுற்றிச் செருகினான். போர்டு வந்து நின்றது. அடுப்பில் குழம்பு கொதிப்பதற்குள் மயில் முதல் இறகை விரித்தது. பாய்க்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். "நான் அப்பவே சொல்லல?" என்றார் பாய். "மாப்பிள்ளைன்னதும் வாயை மூடிக்கிட்டீங்களே பாய்," என்று சிரித்தான் வீரமலை.

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் சீர் தட்டுகள் வந்து இறங்கின. பின்னால் துணி மூடிய மயில். பெரியப்பா முதல் வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "வாப்பா இருட்டு மாமா. டார்ச்சு கொண்டாந்திருக்கேன், பயப்படாம செய்யி."

தமிழ்மணி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். "என்ன மச்சான், நான் கொடுத்த கேபிள் எதுக்காவது ஆச்சா?"

மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வள்ளி அண்ணன் முகத்தையே பார்த்தாள். வீரமலை துணியை எடுத்தான். மயிலின் காலடியில் ஒரு பவர் பேங்க். அதிலிருந்து சிவப்புக் கேபிள் நேராகப் போர்டுக்குப் போனது.

"மயிலுக்குச் சோறு போடுறதே அதுதான் மாப்பிள்ளை."

தமிழ்மணி மீசையைத் தடவிக்கொண்டு சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார்.

வீரமலை மிதுனாவை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு மண்டபத்து ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, லைட்டெல்லாம் கொஞ்சம் அணைங்க," என்றான்.

"ஆரம்பிச்சுட்டான்டா," என்றார் பெரியப்பா. மண்டபம் இருண்டது. யாரோ கனைத்தார்கள். டார்ச்சைத் தேடுகிற சத்தம் கேட்டது. அப்போது இருட்டின் நடுவில் நீலமாக ஒரு இறகு. அதன் பக்கத்தில் பச்சையாக ஒன்று. அப்புறம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விரிந்து, தோகை முழுசாக நின்றது. மிதுனா திறந்த வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். லைட் போட்டதும் ஆசாரி ஒரு காதைக் குத்தியேவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் அழுகை வந்தது, அதுவும் பாதியில் நின்று, "மாமா, இன்னொருவாட்டி," என்று வந்தது.

பெரியப்பா டார்ச்சை மடியில் சொருகிக்கொண்டார். "இருட்டு மாமன்னு நான் சும்மாவாடா பேரு வச்சேன். இருட்டு இல்லாம இது தெரியுமா?" என்றார். பேரை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை. வீரமலைக்கும் அது முன்னைப்போல் குத்தவில்லை.

கிளம்பும்போது தமிழ்மணி ஓடி வந்தார். கையில் ஒரு பை. பை நிறையச் சிவப்புக் கேபிள்.

"வச்சுக்கங்க மச்சான். உங்களுக்கு ஆகுதுல்ல."

மயிலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆட்டோ பக்கம் நடந்தாள். வீரமலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.