தண்ணிக்கஞ்சி

சௌடம்மாக்காவை எவனாவது ‘தண்ணிக்கஞ்சி’ன்னு கேலி பண்ணினா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். அவுக அருப்புக்கோட்டையில தறி நெய்யிற குடும்பம். வீட்டுக்குள்ள கன்னடம், எங்கிட்டப் பேசினா தமிழு. சுவத்துக்கு இந்தப் பக்கம் சர்புன்னிசா நான், அந்தப் பக்கம் அவுக. தறியில நெடுக ஓடுற பாவு நூலுக்குப் பூசுற கஞ்சி காய்ச்சுறதுல அந்தத் தெருவுல அவுக கைதான் கை. கஞ்சி பசையா இருந்தாத்தான் நூலு வெறைப்பா நிக்கும், தறியில அறுகாது.

நாப்பத்தாறாம் வருசம் தானியத்துக்கு ஊரே திண்டாடுச்சு. அந்த வருசம் பாத்து ஒரு பேய்மழை பெஞ்சு, அக்கா வீட்டுக் கூரை ஒழுகி, பானையில இருந்த கேப்பையெல்லாம் முளைச்சுப் போச்சு. தூக்கிப் போட மனசு வருமா? காயவச்சுத் திரிச்சுட்டாக.

அப்ப என் தலப்புள்ள ஒலி முகம்மதுக்கு ஒரு வயசு. வயித்தால போயி எலும்புந்தோலுமாக் கெடந்தான். கெட்டிக் கஞ்சி ஊட்டினா கக்கிருவான். தண்ணியாக் கரைச்சா குடிப்பான், ஆனா அதுல என்ன சத்து இருக்கு? அல்லாவே, எடுத்துக்கிறதா இருந்தா என்னைய எடுத்துக்கன்னு அழுதேன்.

ஒருநா காலையில கஞ்சி பூசத் தெருவுல பாவு விரிச்சாச்சு. அக்கா அந்த முளைச்ச மாவுல கஞ்சி வச்சாக. நனைஞ்ச வெறகு, அடுப்பு மந்தமா எரியுது. கஞ்சி கெட்டிப்படவே இல்ல. மாவு பத்தலையாக்கும்னு இன்னும் இன்னும் கொட்டினாக. மாவுதான் தீந்துச்சு, கஞ்சி தண்ணியாவே ஓடுது. அவுக வீட்டுக்காரர் வேங்கடபதி கன்னடத்துல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. அன்னிக்குப் பாவைச் சுருட்டி வச்சாக. அந்தப் பேரும் அன்னிக்கு ஒட்டினதுதான்.

அக்கா வெரல்ல பட்டத நக்கிப் பாத்திருக்காக. இனிச்சிருக்கு! நல்லாக் கொதிக்க விட்டு, ஒரு செம்போட என் வாசல்ல வந்து நின்னாக.

“ஏ சர்புன்னிசா, நூலுக்குன்னு ஊத்துற எண்ணெய இதுல இன்னும் விடல. வீட்டு மாவெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு, ஆனா தண்ணி மாதிரி எறங்குது. புள்ளைக்குக் கொடுத்துப் பாரு.”

சங்குல ஊத்தினேன். மடக்கு மடக்குன்னு குடிச்சான். கக்கல. அதுக்கப்புறம் அவுக வேணும்னே கேப்பைய முளைக்கட்டி, எம்புள்ளைக்குன்னு காய்ச்சித் தந்தாக. ஒருநா அவன் எந்திரிச்சு உக்காந்து என் முடியப் பிடிச்சு இழுத்தான். அந்த வலி எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

பெரியவனாகி காலேஜுல படிச்சவன், ஒருநா அவுக வீட்டுல உக்காந்து சொன்னான்:

“பெரியம்மா, பயிரு வெயில் சக்தியச் சர்க்கரையாக்கி, அத நீளமா ஒண்ணோட ஒண்ணு கோத்து மாவா இருப்பு வைக்குது. அந்த நீளந்தான் பசை. முளைக்குத் தீனி வேணும்ல? தானியமே அதத் துண்டு துண்டா அறுத்துக்கிரும். பசை போயிரும், சக்தி போகாது.”

அக்கா கன்னத்துல கைய வச்சுக்கிட்டாக. “அடப்பாவமே! முளைக்கு வச்சதயா நாம புடுங்கிக்கிட்டோம்?”

அதுலருந்து அவுகளுக்கு அந்தப் பேரு மேல வெக்கமே இல்ல. எவனாவது ‘தண்ணிக்கஞ்சி’ன்னு கூப்பிட்டா, எம்மகன் தோளப் பிடிச்சு முன்னால நிறுத்திருவாக. “ஆமாலே, இந்தா நிக்குது பாரு, அந்தக் கஞ்சி!”