பூத்துப்போன சப்பசிகை

கர்நாடகத்தில் மண்டியாவுக்குத் தெற்கே ஒரு சந்தையூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "வேரை நறுக்கிட்டுக் குடுங்க" என்று கேட்டுத்தான் இதை எழுதுபவன் கீரைக்காரி ஹொன்னம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"காலேஜ் முடிச்ச தொரை கையில மண்ணு ஒட்டக்கூடாதோ! வேரோட இருந்தாத்தான் சப்பசிகை சாயங்காலம் வரைக்கும் வாடாம நிக்கும். வேணும்னா எடு, இல்லேன்னா நட."

நம் நாட்டுமருந்துக் கடைகளில் சதகுப்பை என்று விதையாகக் கிடைக்கிறதே, அதன் பச்சைக் கீரைதான் சப்பசிகை. ஹொன்னம்மா வேறெதையும் விற்பதில்லை. வெயில் ஏறினால் தண்டு முற்றிச் சட்டென்று பூத்துவிடும்; பூத்ததை யாரும் தொடமாட்டார்கள். அவளோ கால்வாயோரத் துண்டு நிலத்தில் பத்து நாளுக்கொரு பாத்தி விதைத்து, சித்திரையிலும் இளங்கீரை கொண்டுவருவாள்.

பதினெட்டு வருஷம் அவள் உட்கார்ந்திருந்தது ருத்ரேசனின் ஓட்டல் படியோரம். அந்த ஓட்டலுக்குப் பேரே அவள் கீரை போட்ட வடையால் வந்ததுதான். ஓட்டலைப் புதுப்பித்ததும், "வாசல் பூரா சேறு" என்று அவள் இடத்தில் மேடை கட்டி, பழச்சாறு கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டான் ருத்ரேசன். ஹொன்னம்மா டெம்போ நிற்குமிடத்துக்குப் போனாள்.

"என் எடம் எனக்கு வர்ற வரைக்கும் உன் எண்ணெய்ச் சட்டிக்கு என் கீரை கிடையாதுடா."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சப்பசிகை கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்கென்று கேட்டால் மட்டும் பகையாளிக்கும் இல்லை என்னமாட்டாள். சித்திரையில், ஓட்டலில் மாவரைக்கும் புட்டதாயி வந்து நின்றாள். "தங்கச்சி மக பெத்திருக்கா, ஹொன்னக்கா."

ஹொன்னம்மா காசு வாங்காமல் கொடுத்தாள். முதல் நாள் இரண்டு கட்டு, அப்புறம் நாலு, அப்புறம் பத்து.

"ரெட்டைப் புள்ளை, ஹொன்னக்கா" என்றாள் புட்டதாயி.

ஒன்பதாம் நாள் டெம்போக்காரன் ஒருவன் வடைப் பொட்டலத்தை நீட்டினான். "ருத்ரேசன் கடை வடை பழைய ருசிக்கு வந்துடுச்சுக்கா, பாரு." ஹொன்னம்மா கிள்ளி முகர்ந்தாள். அவளுடைய கீரை. விறுவிறுவென்று ஓட்டலுக்குள் நுழைந்தாள். காலைக் கூட்டம் நிறைந்திருந்தது.

"டேய் ருத்ரேசா! புள்ளை பெத்தது யாருடா? உன் வாணலியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. கல்லாவில் இருந்த ருத்ரேசன் முகம் கறுத்தான். "கத்தாதே. கீரைதானே? காசு வாங்கிக்கிட்டுப் போ."

"பெத்தவ பங்கைத் திருடித் தின்னவனே, உன் காசு யாருக்கு வேணும்? என் எடத்தைக் குடு!"

"மேடை வாடகைக்குப் போயிடுச்சு. தெனம் முப்பது கட்டு போடு, பின்னாடி பாத்திரம் கழுவுற பக்கம் உக்காந்துக்க."

"அது உனக்கேத்த எடம். நீயே உக்காரு."

மறுநாளிலிருந்து அவள் விற்கக் கீரை பறிக்கவில்லை. யாருக்கு விற்றாலும் கடைசியில் அவன் சட்டிக்குத்தான் போய்ச்சேரும் என்று பாத்திகளை அப்படியே விட்டாள். நிலம் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. பக்கத்து நிலத்துக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "உனக்குத்தானேக்கா நட்டம்?"

"எனக்குத்தான். பூத்து நாறட்டும். அவன் எண்ணெயில வேகாது."

அந்தக் கோடை முழுக்கப் பிரசவ வீடுகளுக்கு மட்டும் பறித்தாள். அதுவும், வீட்டுக்கே போய்த் தொட்டிலில் பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

படியோரத்து இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ருத்ரேசன் முட்டைக்கோஸ் வடை போடுகிறான். ஹொன்னம்மா இப்போதும் டெம்போ நிற்குமிடத்தில்தான் உட்கார்கிறாள். யார் வீட்டுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் கட்டை எடுத்துக் கொடுக்கிறாள்.