பலகையில் ஏற்றிய புல்லட்

என் அண்ணனுக்குக் கால் உடைந்ததை யாராவது 'விதி' என்று சொன்னால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. விதியும் இல்லை, கண்ணேறும் இல்லை. அன்று அங்கே நின்றவன் நான். நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நானும் அண்ணனும் சங்கரன்கோவிலில் பழைய பைக்குகளை வாங்கி விற்கிறோம். ஓடுகிற வண்டி என்றால் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். ஓடாததைக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கென்று வழக்கமாக ஒரு டிரைவரைக் கூப்பிடுவோம். சொந்தமாக வண்டி வைத்திருந்தார், எங்களைவிட மூத்தவர். அவர் வண்டியில் எப்போதும் ஒரு சென்ட்ரிங் பலகை கிடக்கும். கட்டட வேலையில் தேய்ந்து, சிமெண்டு ஒட்டி, ஓரம் பிளந்த பலகை. அதைப் பின்பக்கம் சாய்த்து வைத்து பைக்கைத் தள்ளி ஏற்றுவோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள்.

புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு புல்லட் விலைக்கு வந்தது. வருடக்கணக்காக நின்றுபோன வண்டி. நாங்கள் போன காலையில் தூறல் விழுந்து பலகை நனைந்திருந்தது. தெருவும் லேசான இறக்கம். குட்டியானை இறக்கத்தைப் பார்த்து நின்றது.

"அண்ணாச்சி, ஹேண்ட் பிரேக் பிடிக்குமா? டயருக்கு முன்னால கல்லு வைப்போமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நிக்கும் தம்பி. எங்க போயிரப் போவுது? சட்டுனு ஏத்துங்க, எனக்கு வாசுதேவநல்லூர்ல ஒரு லோடு கிடக்கு" என்றார்.

அண்ணனும் என்னைத்தான் அதட்டினான். "பேசாம மேல ஏறி இழுலே."

நான் மேலே நின்று முன்பக்கத்தை இழுத்தேன். அண்ணன் இடதுபக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தரையில் நடந்து வந்தான். டிரைவர் பின்னால் தள்ளினார். முன்சக்கரம் மேலே வந்தது. பின்சக்கரம் பாதிப் பலகையில் இருந்தபோது அவர் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். பைக் ஏறவில்லை. குட்டியானைதான் நகர்ந்தது. பலகையின் மேல்முனை விளிம்பை விட்டு இறங்கி, 'டமார்' என்று தரையில் விழுந்தது. புல்லட் அப்படியே அண்ணன் பக்கம் சாய்ந்தது. அவனுக்கு விலக இடமில்லை, பின்னால் சுவர். கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து, பிளேட் வைத்துக் கட்டிலில் கிடந்தவனைப் பார்க்க டிரைவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கால்மாட்டில் உட்கார்ந்து, "நேரம் சரியில்ல தம்பி, வேற என்ன சொல்ல?" என்றார்.

"நேரமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒம்ம பிரேக்குதான் சரியில்ல" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அண்ணன் படுத்தபடியே என்னைப் பார்த்து, "விடுலே. அண்ணாச்சி வேணும்னா செஞ்சாரு?" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் டிரைவர்மேல் இருந்ததைவிட அண்ணன்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. கட்டில் பக்கம் நின்ற மதினி அந்தப் பழத்தைத் தூக்கி வார்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

இனிமேல் பலகை கிடையாது என்று முடிவு செய்தேன். ராஜபாளையத்தில் ஒரு கடையில், பலகைக்குப் பதிலாகச் சாய்த்து வைக்கிற மடக்கு ரேம்ப் இருந்தது. பார்க்க அழகாக, கையில் தூக்கினால் இலேசாக இருந்தது. ஆனால் நீளம் போதாது. நீளம் குறைந்தால் ஏற்றம் செங்குத்தாகிவிடும். உச்சியில் பைக்கின் வயிறு விளிம்பில் இடித்து நிற்கும். வண்டியோடு பிணைக்கக் கொக்கியும் இல்லை.

"எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர்.

"எல்லார் காலும் நல்லா இருக்குல்லா, அதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யச் சொன்னேன். நீளமாக வேண்டும், டயர் வழுக்காமல் இருக்க ஓட்டை போட்ட தகடு வேண்டும், மேலே கொக்கியும், வண்டியோடு இழுத்துக் கட்டச் சங்கிலியும் வேண்டும். பைக் ஏறும் தடத்துக்குப் பக்கத்திலேயே ஆள் நடந்து ஏற இன்னொரு தடமும் கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். "என்னவே, கப்பல்லயா ஏத்தப் போறீரு?" நான் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவரும் சிரிக்காமல் செய்து கொடுத்தார்.

அண்ணன் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தபிறகு இளையரசனேந்தலில் ஒரு விவசாயியின் பைக் விலைக்கு வந்தது. வேறு வண்டி பிடிக்கலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை; பழைய டிரைவரையே கூப்பிட்டான். அவன் முன்சீட்டில் உட்கார்ந்தும் வந்தான். நான் என் பைக்கில் பின்னாலேயே போனேன்.

ரேம்பை மாட்டுவதற்கு முன்னால் நானே குட்டியானையில் ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பிடிக்கிற சத்தமே இல்லாமல் லிவர் லேசாக மேலே வந்தது. இறங்கி, பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வண்டி நகர்ந்தது. என் ஒருத்தன் தள்ளலுக்கு நகர்ந்தது!

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.

"சாவியக் குடு தம்பி, என்ன விளையாட்டு இது?" என்று டிரைவர் கிட்டே வந்தார்.

"இன்னும் நீரு இத சரி பண்ணல, அப்படித்தான?"

"பண்ணணும்னுதான் இருக்கேன். ஓட்டத்துக்கு நடுவுல எங்க நேரம் கிடைக்குது? இப்பதான் சங்கிலியெல்லாம் வச்சிருக்கியே..."

அண்ணன் கதவைத் திறந்து மெல்ல இறங்கினான். மறுபடியும் 'விடுலே' என்று சொல்லப்போகிறான், இன்று இவனையும் திட்டிவிடுவேன் என்று நினைத்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு டிரைவருக்கு நேரே போய் நின்றான்.

"என் காலு உடைஞ்ச பிறவும் சரி பண்ணலியா அண்ணாச்சி?"

சத்தமாகக்கூட கேட்கவில்லை. ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "ஒங்களுக்காக இவங்கிட்ட எத்தன சண்ட போட்டிருக்கேன். எம் பொண்டாட்டிகிட்ட எத்தன பேச்சு வாங்கிருக்கேன். நாளைக்கு வேற ஒருத்தன் காலு போனாலும், நேரம் சரியில்லன்னு பழம் வாங்கிட்டுப் போவிய, என்ன?"

பைக்கின் சொந்தக்காரர் கொண்டுவந்த தண்ணீரை யாரும் வாங்கவில்லை.

வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு சங்கரன்கோவில் வந்தோம். சாவியைப் போட்டு நானே மெதுவாக ஓட்டினேன். டிரைவர் என் பைக்கை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். நேராக மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தினேன். பிரேக்கைப் பிரித்து, புதுக் கேபிள் போட்டு, மூன்று பேர் தள்ளியும் வண்டி அசையாமல் நின்ற பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

இப்போது வேறு வண்டிதான் பிடிக்கிறோம். ரேம்ப் நன்றாக வேலை செய்கிறது. பைக்கை ஏற்றி முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் இரண்டு பக்கமும் வாரால் இழுத்துக் கட்டிவிட்டால் ஆட்டமே இல்லை. அண்ணனுக்கு மாடிப்படி இறங்கும்போது இன்னும் வலிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் அந்த டிரைவர் எதிர்ப்பட்டால் கையைத் தூக்குகிறார். அண்ணன் பார்க்காததுபோல் போகிறான். நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.