எரிக்காமல் வைத்துக்கொண்ட ஊர்கள்

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த முதல் வருஷம், என் கணவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொள்வதற்கு முன்னால் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு டீ ஆறும் நேரம்கூட வராது. அவர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகலில் இரண்டு பேரும் வீட்டில் இருப்போம். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியானபின் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்டதை வாங்கி வந்து, கூட வேலை செய்த வாணியம்பாடி நண்பரிடம் கொடுத்துச் சரிசெய்து வைத்திருந்தார். அந்த நண்பரே ஒரு விளையாட்டு சிடியும் கொடுத்திருந்தார். பழங்காலத்து ராஜ்ஜியங்களை வைத்து ஆடுவது. சின்ன ஊர் ஒன்றில் ஆரம்பித்து, வயல், ரோடு, மதில் என்று கட்டி, படை திரட்டி, அடுத்தவர் ஊரைப் பிடிக்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். தன் முறை முடிந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார், நான் உட்காருவேன். எங்களுக்கு அது தோதாக இருந்தது. பேச வேண்டிய அவசியமில்லை.

ஒரு ஊரைப் பிடித்தவுடன் திரையில் ஒரு பெட்டி வரும். ஊரை வைத்துக்கொள்கிறாயா, கொள்ளையடித்துவிட்டுப் போகிறாயா, தரைமட்டமாக்குகிறாயா என்று கேட்கும். முதல் ஞாயிறு, கம்ப்யூட்டர் ஆடிய மூன்றாவது ராஜாவிடமிருந்து அவர் ஒரு ஊரைப் பிடித்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் கடைசி பட்டனைத் தட்டிவிட்டார். கொஞ்சம் புகை வந்தது. பிறகு அந்த இடத்தில் வெறும் புல்தரைதான் இருந்தது.

"என்னங்க, எரிச்சுட்டீங்களா?"

"ஆமா. வெச்சுக்கிட்டு இன்னா பண்றது?"

"உள்ள ஜனங்க இருந்தாங்களே."

"நம்பர்தாம்மா அது. வெச்சுக்கிட்டா வேலையும் செய்ய மாட்டாங்க, கலகம் பண்ணுவாங்க. காவலுக்கு நம்ம ஆளுங்கள நிறுத்தணும். ரிஜெக்ட் ஆன தோல் மாதிரி. இடத்ததான் அடைக்கும்."

அவர் அதைக் கோபமாகவோ கொடூரமாகவோ சொல்லவில்லை. கம்பெனியில் ஒரு விஷயத்தை விளக்குவதுபோல் நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் என்னை என்னவோ செய்தது.

"நான் ஒரு ஊரையும் எரிக்க மாட்டேன். எரிக்காமலே உங்கள ஜெயிக்கிறேன்" என்றேன்.

அவர் முதல்முறையாக என்னைத் திரும்பி நேராகப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். அடுத்த ஆட்டத்திலும் தோற்றேன். அவர் சொன்னபடியேதான் நடந்தது. நான் பிடித்த ஊர்களில் ஜனங்கள் வேலை செய்ய மறுத்தார்கள். வயல் காய்ந்தது, பசி வந்தது. காவலுக்கு இருந்த படையை நான் வேறு பக்கம் நகர்த்தியதும் கதவைத் திறந்து அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஒரு அம்புகூட விடாமல் அவருக்கு ஊர் கிடைத்தது. அதையும் அவர் எரித்தார்.

வாணியம்பாடி நண்பர் ஒருநாள் வந்தபோது எனக்காக வருத்தப்பட்டார். "இன்னா சிஸ்டர், ஜாஸ்தி பாவம் பாக்கறீங்க. ராஜ்ஜியம் நிக்காது. கொளுத்திட்டு போய்க்கினே இருக்கணும்."

"பாவம் பாக்கலண்ணே. எப்படி நிக்க வெக்கறதுன்னு பாக்கறேன்."

உண்மையில் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே யோசித்தேன். புதிதாக வார்டுக்கு வரும் நோயாளி முதல் நாள் எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்புவார், மாத்திரையைத் துப்புவார். அதற்காக யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள். விளையாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு.

மூன்றாவது ஆட்டத்தில் அவசரப்படவில்லை. ஒரு ஊரைப் பிடித்தால் அது அடங்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டேன். பிடித்த உடனே அங்கே படை திரட்டச் சொல்லாமல் முதலில் தானியக் கிடங்கு, அப்புறம் கோயில். காவலை எடுக்கவே மாட்டேன். மெதுவாகக் கலகம் நின்றது. இன்னும் போகப்போக அந்த ஜனங்களே என் ஜனங்களாகக் கணக்கானார்கள். ஊருக்குப் பெயர் மாற்ற வசதி இருந்ததால், வாயில் நுழையாத பெயர்களை எடுத்துவிட்டு எனக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களை வைத்தேன். அவரிடமிருந்து பிடித்த முதல் ஊருக்குக் கலவை. ஆற்றோரத்தில் இருந்த பெரிய ஊருக்கு வாலாஜா. அது நான் பிறந்து வளர்ந்த வாலாஜாபேட்டையின் பெயர்.

அவர் படைகள் நடுவில் இருந்த ஊர்களையெல்லாம் எரித்துக்கொண்டே வந்தன. வழியில் என் வயல்களையும் ரோடுகளையும் நாசம் பண்ணி, அதில் கிடைத்ததை எடுத்துக்கொண்டன. என் பெரிய படை கலவைக்குப் போய், வாலாஜாவில் காவல் மட்டும் இருந்த சமயம் அது அவர் கையில் விழுந்தது. பெட்டி வந்தது. அவர் கை மவுஸ்மேல் நின்றது.

"வாலாஜான்னு போட்டிருக்கே" என்றார்.

"ஆமா. எங்க ஊரு."

"விளையாட்டுதானே."

"விளையாட்டுதான். உங்க இஷ்டம்."

தட்டினார். புகை வந்தது. நான் மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஆனால் இந்த மனிதரோடு எப்படி இருக்கப்போகிறோம் என்று நிஜமாகவே பயமாக இருந்தது. ஒரு விளையாட்டுக்கா இப்படி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியாலும் பயம் குறையவில்லை.

இரண்டு நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை என்னை மொபெட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டவர், உடனே கிளம்பாமல் நின்றார்.

"பழைய ஆட்டம் சேவ் ஆகி இருக்கு. வாலாஜா எரியறதுக்கு முன்னால இருந்து ஆரம்பிக்கலாமா?"

"வேணாம். எரிஞ்சது எரிஞ்சதாவே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம நான் ஆடறேன்."

"கோவமா?"

"கோவந்தான். ஆனா ஆடறேன்."

அவர் தலையை ஆட்டினார். வேலூர் பஸ் வந்துவிட்டது.

மழைக்காலம் முழுக்க அந்த ஆட்டம் நடந்தது. தினம் நனைந்துகொண்டு வந்ததில் எனக்குக் காய்ச்சல் வந்து போனது. ஒரு சாயங்காலம் அவர், "பஸ்ல அலைஞ்சு இளைச்சுட்ட. வேலைய வுட்டுடேன். பஸ் காசு, உடம்பு, எல்லாம் பாத்தா மிச்சம் கம்மிதான்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். "விட மாட்டேங்க" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிறுகளில் நான் மதிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவர் படை அனுப்பினார், நான் தடுத்தேன். அடிபட்ட படை ஏதாவது ஒரு ஊருக்குள் தங்கினால்தான் அந்த விளையாட்டில் தேறும். அவர் ராஜ்ஜியத்துக்கும் என் ராஜ்ஜியத்துக்கும் நடுவில் ஒரு ஊரும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவரே எரித்திருந்தார். ரோடுகளை உடைத்ததால் புதுப் படையும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பாதி உயிரோடு வரும் படைகளை என் வில்லாளிகள் மதில்மேல் நின்று சாய்த்தார்கள். அந்த வில்லாளிகள் பெரும்பாலும் கலவையில் பயிற்சி பெற்றவர்கள். அவருடைய ஊராக இருந்து என்னிடம் வந்த கலவை.

"எங்க ஆளுங்களே எங்கள அடிக்கிறாங்க" என்றார் ஒருநாள்.

"இப்ப எங்க ஆளுங்க" என்றேன்.

அப்புறம் நான் நகர ஆரம்பித்தேன். நடுவில் கிடந்த புல்தரையைத் தாண்டத்தான் ரொம்ப நாள் ஆனது. நானே புதிதாக இரண்டு சின்ன ஊர்களை உண்டாக்கி, அவற்றில் படையைத் தங்கவைத்துத் தங்கவைத்துப் போனேன். அவர் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பிடித்த ஒவ்வொன்றிலும் நின்றேன். நண்பர் வரும்போதெல்லாம், "இன்னுமா முடியல?" என்று பேஜாராகிப் போவார். முடிக்கும் அவசரம் எனக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, பிற்பகலில் அவர் தலைநகரம் விழுந்தது. அதுதான் அவருக்குக் கடைசி ஊர். என் முன்னால் அந்தப் பெட்டி வந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"கொளுத்திடு. நீ ஜெயிச்சுட்ட. முடிச்சுடு."

"கொளுத்த மாட்டேன்."

"உள்ள இருக்கறவங்க எங்க ஆளுங்க. சும்மா இருக்க மாட்டாங்க."

"இருக்க வேணாம். கலகம் பண்ணட்டும். கிடங்கு கட்டித் தரேன், கோயில் கட்டித் தரேன். எத்தன நாளானாலும் நான் நிப்பேன்."

வைத்துக்கொள்கிறேன் என்பதைத் தட்டினேன். பின்னால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டார். டீ குடிக்கும்போது ஊர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவர் வீடு, என் வீடு, கம்பெனி, வார்டு என்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இதனால் அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். அடுத்த ஆட்டத்திலும் எரித்தார். ஆனால் எரிப்பதற்கு முன்னால் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் பழக்கம் வந்தது. சிலதை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதில் பாதி அவர் கையை விட்டுப் போனது. "எப்படித்தான் நிறுத்தற?" என்று கேட்பார். சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அவராகவே ஒரு யோசனை சொன்னார். "வீட்ட வேலூருக்கு மாத்திடலாம். நான் பஸ்ல போய் வர்றேன்." மாற்றினோம். நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். அவர் தினமும் ஆம்பூருக்கு பஸ் பிடித்தார். முதல் வாரம் முழுக்க, கூட்டத்தில் நின்றுகொண்டு போவதைப் பற்றி என்னிடம் புலம்பினார். கேட்டுக்கொண்டேன்.