இடது கன்னத்தில் ஒரு சொட்டு

என் மகளுக்கு இருபத்து மூன்று வயதில் வராத பருக்கள் எனக்கு நாற்பத்தேழில் வந்தன. தாடை முழுக்கப் பரு, இரண்டு கன்னத்திலும் மங்கு, போதாக்குறைக்கு நேரங்காலம் இல்லாமல் உச்சந்தலையிலிருந்து குபுகுபுவென்று வியர்வை. அப்போது அரியலூரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். மனு கொடுக்க வருகிறவர்கள் மனுவோடு ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போவார்கள். "மனு குடுக்க வந்தீங்களா, என் மூஞ்சியப் பாக்க வந்தீங்களா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

பெரம்பலூர் லேடி டாக்டரிடம் போய்க் காட்டினேன். அவர் சிரித்தார். "மாதவிலக்கு நிக்கப்போற வயசும்மா. கவலையும் சேந்துக்கிட்டா மூஞ்சிதான் காட்டிக்குடுக்கும். களிம்பு தரேன். வெயில்ல குடை புடிங்க, நல்லாத் தூங்குங்க. கண்டதையும் தடவாதீங்க."

எங்கே தூங்குவது? மகளுக்கு இரண்டு வருடமாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். வந்த போட்டோவையெல்லாம் ஒதுக்கியவள், ஜெயங்கொண்டத்துப் பையன் போட்டோவை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். படுக்கையை உதறும்போது நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் போன் வந்ததும் அந்தச் சந்தோஷம் பயமாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து, குடும்பத்திலேயே தோல் வியாதி என்று நினைத்துவிட்டால்?

குளியலறை மாடத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெய் இருந்தது. கொட்டையின் மேலோட்டிலிருந்து எடுப்பது. எங்கள் பக்கம் பித்தவெடிப்புக்குத் தடவுவோம். குதிகால் தோலையே உரித்துப்போடுகிற எண்ணெய்க்கு இந்த மங்கு எம்மாத்திரம் என்று என் மண்டைக்குத் தோன்றியது. புதன்கிழமை இடது கன்னத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்தேன். அடி ஆத்தி! கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி எரிந்தது. மறுநாள் கொப்புளம். சனிக்கிழமை எட்டணா அகலத்துக்குக் கருப்பாகப் பொருக்குத் தட்டிவிட்டது.

"பொண்ணைத்தானே பாக்க வராங்க, உன்னையா?" என்றார் என் வீட்டுக்காரர். அவரை நான் பிடித்த பிடியில் பாதி என் மேல் எனக்கே வந்த ஆத்திரம்.

ஞாயிறன்று பவுடரை அப்பிக்கொண்டு அடுப்படியிலேயே பஜ்ஜி போட்டுக்கொண்டு நின்றேன். கூடத்துக்குப் போகவே இல்லை. பையனின் அம்மா விடுகிற ஆளா? நேரே அடுப்படிக்கே வந்துவிட்டார். நான் இடது கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே, "வாங்க, வாங்க" என்றேன். அந்த நேரம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன வியர்வை வர வேண்டும்! பழக்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன். பவுடர் மொத்தமும் வந்துவிட்டது. அவர் என் கன்னத்தையே உற்றுப் பார்த்தார். என் மகளின் தலையணைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"முந்திரி எண்ணெயா?" என்றார்.

நான் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டேன்.

"காலுக்குத் தடவுறத மூஞ்சிக்குத் தடவுனீங்களா?"

"மங்கு போயிடும்னு நெனச்சேங்க..." அதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அங்கே கிடந்த துண்டை நனைத்துத் தன் தாடையை அழுத்தித் துடைத்தார். பவுடருக்குக் கீழே அதே எட்டணா வட்டம், கொஞ்சம் வெளுத்துப்போய் இருந்தது. "இது போன வருசம். முந்திரிக்காட்டுலயே பொறந்து வளந்தவ நான், எனக்கே புத்தியில்ல. உங்களச் சொல்லி என்னாத்துக்கு? மொதல்ல அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்புங்க, எனக்கும் குபுகுபுங்குது."

அடுப்பை அணைக்கக்கூட மறந்து இருவரும் சிரித்தோம். பஜ்ஜி கருகிய வாசனைக்கு என் மகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். அழுத கண்ணோடு நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்திருப்பாள்.

பையனின் அம்மா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி அவளுக்கு வைத்துவிட்டார்.

"பையனுக்குப் போட்டோவுலயே புடிச்சுப்போச்சு. எனக்கு இப்ப புடிச்சுப்போச்சு. இனிமே உங்கம்மா மூஞ்சில எதையாச்சும் தடவப் போனா, ஒடனே எனக்குப் போன் போட்டுரு."

மகள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"சரிங்க, அத்தை" என்றாள்.