யாரும் தூங்காத மதியத் தூக்கம்

எங்க வீட்டு வைஃபையை ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாலே படுத்துரும்.

இன்னைக்கு ஒரு வேலைக்கு நாலு மணிக்குள்ள நான் வீடியோ அனுப்பணும். "கொஞ்சம் போனை வைங்க"ன்னு கேட்டா யாரும் வைக்க மாட்டாங்க. சாப்பிட்டுட்டு எல்லாரும் தூங்கட்டும்னு, நானும் வாயை லேசாத் தொறந்து தூங்குத மாதிரி படுத்துக்கிட்டேன்.

அப்பாவுக்குக் கால் பெருவிரல் ஆடுதது நின்னா தூங்கிட்டார்னு அர்த்தம். நின்னுது. குறட்டையும் வந்துது. அம்மா முந்தானையை முகத்துல போட்டுட்டா. அக்கா சுவரப் பாத்துத் திரும்பிட்டா.

மெதுவா வீடியோவைத் தட்டிவிட்டேன். பாதியில சுத்திக்கிட்டே நிக்குது.

எட்டிப் பாத்தா அக்கா பக்கத்துச் சுவரெல்லாம் நீல வெளிச்சம். அப்பா தலையணைக்கு அடியில பட்டிமன்றக் கைதட்டல்.

"அப்பா, தூங்குதியளா?"

குறட்டை நின்னுது. "ஆமால, எழுப்பாத."

முந்தானைக்குள்ள இருந்து அம்மா சொல்லுதா: "நீ வாயத் தொறந்து தூங்குனத நம்பித்தானல நான் சீரியலே போட்டேன்."

மணி மூணே முக்கால். வீடியோ இன்னும் போகல.

சங்கரன்கோவில்ல யார் வீட்லயாவது நெசமாவே தூங்குதாங்கன்னா சொல்லுங்க, போனைத் தூக்கிட்டு வாரேன். குறட்டையை மட்டும் ஆதாரமாக் காட்டாதீங்க.