ஜன்னலுக்குக் கேட்ட திரை

இதை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

என் மொழிபெயர்ப்புத் தொழிலுக்காக, மேசை வாடகைக்குக் கிடைக்கும் பொது அலுவலகங்களை ஹட்டனில் தேடினேன். முதல் இரண்டும் ஒரே இரைச்சல். மூன்றாவதில் இன்டர்நெட் வேகமாக இருந்தது, கரண்ட் போனால் ஜெனரேட்டரும் இருந்தது. ஜன்னலோர மேசை பிடித்துப்போனது. ஆனால் அந்த ஜன்னலுக்கு நேரே, தேயிலைச் சரிவில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், ஒரு லயம், தெரிந்தது.

"இதுக்கு ஒரு திரை போட முடியுங்களா? வீடியோ கோல்ல பின்னால லயம் தெரிஞ்சா கொழும்பு ஆளுங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க" என்றேன்.

இடத்தை நடத்தும் பெண் வெளியே கைகாட்டினார்.

"போட்டுத் தாரேங்க. அந்த மூணாவது வீட்டுலதான் எங்கம்மா இருக்காங்க. நீங்க எந்தத் தோட்டம்?"

"தோட்டமில்லங்க, நுவரெலியா டவுன்."

நான் பிறந்தது அக்கரப்பத்தனையில், இதே போன்ற லயத்தில். அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறார்.

மறுநாள் வேலை தொடங்கப் போனபோது திரை தொங்கியது. மத்தியானம் அந்தப் பெண் தன் வீட்டு ரொட்டியில் பாதியைத் தேங்காய்ச் சம்பலோடு என் மேசையில் வைத்தார்.

"டவுன்காரங்களுக்கு இது புடிக்குமோ என்னமோ."

பள்ளிக்கூட நாளெல்லாம் அம்மா எனக்குச் சுட்டுக் கட்டித் தந்த அதே ரொட்டி.

"புதுசா இருக்குங்க, நல்லாருக்கு" என்றேன்.

முதல் பொய் வாய்தவறி வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதை அந்த ரொட்டியை மென்றுகொண்டே சொன்னேன்.